இறப்பர்ப் பாலும் சுண்ணாம்பு முட்டியும்

1909ஆம் ஆண்டில் களுத்துறை மாவட்டத்து இறப்பர்த் தோட்டக்காரர் சிலர் ஒன்றுகூடினார்கள். இறப்பர்ப் பால் எப்படி உறைகிறது என்று ஆராய ஓர் இரசாயனவியலாளரை அமர்த்துவது என்று முடிவாயிற்று. இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் தன் வரலாற்றை இந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. உலகின் மிகப் பழைய இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயர் அதற்கு உண்டு. தலைமையகம் அகலவத்தையில் இருக்கிறது. இறப்பரின் பதனிடலையும் வேதியியலையும் பார்க்கும் ஆய்வுகூடங்கள் கல்கிசைக்கு அடுத்த ஊரான இரத்மலானையில், தெலவல வீதியில் இருக்கின்றன. காலி வீதியில் தினமும் பஸ்ஸில் போய்வரும் நம்மில் பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

உறைதலுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? விடியற்காலையில் மரத்தை வெட்டினால் சிரட்டையில் வடியும் பால் வெள்ளையாக, தண்ணீர்ப் பதத்தில் ஓடும். அப்போது அதன் பிஎச் 7க்குச் சற்றுக் கீழே, 6.5 வரையில் இருக்கும். வெயில் ஏற ஏற, பாலிலுள்ள சர்க்கரைகளைப் பற்றீரியாக்கள் தின்று அமிலங்களை வெளியிடும். பிஎச் இறங்கி 5ஐ நெருங்கும்போது பால் தானாகவே திரண்டு நாறத் தொடங்கும். தொழிற்சாலைக்குப் போய்ச் சேருமுன் திரண்டாலும் நட்டம். தொட்டியில் ஊற்றிய பிறகு ஒழுங்காகத் திரளாவிட்டாலும் நட்டம். ஆகவே இரண்டு கைவைத்தியம். பாலைப் பாலாகவே வைத்திருக்க அமோனியா சேர்த்து பிஎச்சை 10 அளவுக்கு உயர்த்துவது. சீற் அடிக்க வேண்டுமென்றால் போமிக் அமிலத்தை நன்றாக நீர்த்துச் சேர்த்து 5க்குச் சற்றுக் கீழே இறக்குவது. ஒரே மரம், ஒரே பால். அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை பிஎச்தான் தீர்மானிக்கிறது.

அதே 1909இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் இன்னொரு காரியம் நடந்தது. கார்ல்ஸ்பேர்க் பியர் கம்பனியின் நிறுவனர் ஜேக்கப்சன் 1875இல் தொடங்கிவைத்த ஆய்வுகூடத்தில், வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் சோரன்சன். நொதியங்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர் அந்த ஆண்டு ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்று பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் தொடங்கி நீச்சல் தடாகத்துப் பரிசோதனைப் பெட்டி வரை எல்லா இடத்திலும் இருக்கிற பிஎச் என்ற அளவுகோல் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

களுத்துறைக்காரரும் கொப்பன்ஹேகன்காரரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்த தலையிடி ஒன்றுதான்: உயிருள்ள ஒன்றிலிருந்து எடுத்த திரவம் இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது, ஏன்?

சோரன்சனுக்கு முன்னிருந்தவர்களுக்கும் அமிலத்தின் செல்வாக்குத் தெரியும். இங்கிலாந்தில் மதுவடிசாலைகளோடு தொடர்புடைய ஓ சலிவனும் தொம்சனும், மதுவத்திலிருந்து எடுத்த இன்வேற்றேசு நொதியத்தின் வேகம் கரைசலின் அமிலத்தன்மைக்கேற்ப மாறுகிறது என்று 1890இலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அமிலத்தை எதால் அளப்பது? இத்தனை துளி விட்டேன், இத்தனை மில்லிலீற்றர் சேர்த்தேன் என்றுதான் குறித்தார்கள். இதில்தான் கோளாறு. காய்ச்சி வடித்த நீரில் பத்துத் துளி அமிலம் விட்டால் அது உடனே தன் வேலையைக் காட்டும். அதே பத்துத் துளியை மதுவச் சாற்றில் விட்டால், அங்கேயுள்ள புரதங்களும் பொசுபேற்றுகளும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கரைசலில் சுயாதீனமாக மிஞ்சும் ஐதரசன் அயன்கள் மிகக் கொஞ்சம். நொதியத்துக்கு முக்கியம் நாம் ஊற்றியது அல்ல, மிஞ்சியிருப்பது. இதைத் திட்டவட்டமாகக் காட்டியது சோரன்சனின் கெட்டித்தனம். அளவுகோலோடு அவர் நிறுத்தவில்லை. மின்வாயால் அளக்கும் முறை, நிறங்காட்டிகளால் அளக்கும் முறை, பிஎச்சை அசையாமல் வைத்திருக்கும் நியமக் கரைசல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார்.

அளவுகோலைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது மடக்கை அளவுகோல். பிஎச் ஒன்று குறைந்தால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு கூடும். வெறும் 0.3 குறைந்தாலே இரு மடங்கு. ‘7.4க்குப் பதிலாக 7.1 வந்துவிட்டது, பரவாயில்லை’ என்று சொல்லும் மாணவர், மருந்தை இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் பரவாயில்லை என்கிறார். நம் குருதியின் பிஎச் 7.35இலிருந்து 7.45 வரை என்ற ஒடுங்கிய இடைவெளிக்குள் நிற்கிறது. இந்த இடைவெளியை விட்டு வெளியே போனால் வைத்தியசாலைதான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். பிஎச் 7.4 என்றால் ஒரு லீற்றரில் 40 நனோமோல் ஐதரசன் அயன். அதே குருதியில் சோடியம் அயன் இதைவிட முப்பது இலட்சம் மடங்குக்கு மேல் இருக்கிறது. ஒரு பற்றீரியாக் கலத்தின் கனவளவை ஏறத்தாழ ஒரு கன மைக்ரோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பிஎச் 7இல் அதற்குள் ஒரு நேரத்தில் சுயாதீனமாக இருக்கும் ஐதரசன் அயன்கள் அறுபதுதான். அறுபது! இவ்வளவு கொஞ்சமானது எப்படி இவ்வளவு பெரிய வேலை பார்க்கிறது?

விடை, புரதங்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அமினோ அமிலங்கள் சிலவற்றின் பக்கக் கூட்டங்கள் ஐதரசன் அயனைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கின்றன. பிடித்திருக்கும்போது ஒரு மின்னேற்றம், விட்டபின் இன்னொன்று. ஹிஸ்டிடினை எடுத்துக்கொள்வோம். பிஎச் 6ஐ ஒட்டி அதில் பாதி நேர் ஏற்றத்தோடு இருக்கும், பாதி ஏற்றமின்றி இருக்கும். பிஎச் 7க்கு வந்தால் ஏற்றமுள்ளது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பல நொதியங்களின் வேலை நடக்கும் மையத்தில் இந்த ஹிஸ்டிடின் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஏற்றம் மாறினால் நொதியம் தன் தாக்குபொருளைப் பிடிக்காது, பிடித்தாலும் வெட்டாது. இன்னும் தூரம் போனால் புரதத்தின் மடிப்பே குலைந்துவிடும். அதன்பின் பிஎச்சைத் திருப்பிச் சரிசெய்தாலும் பல நொதியங்கள் மீளாது. இரைப்பையில் பிஎச் 2 அளவில் ஓகோ என்று வேலைசெய்யும் பெப்சின், சிறுகுடலின் காரத்தில் செத்துப்போகிறது. உமிழ்நீர் அமிலேசோ 7க்குச் சற்றுக் கீழே உற்சாகமாக இருந்து, இரைப்பை அமிலத்தில் அடங்கிவிடுகிறது.

இறப்பர்ப் பாலிலும் இதே கதை. பாலில் மிதக்கும் ஒவ்வோர் இறப்பர்த் துணிக்கையையும் புரதமும் பொசுபோலிப்பிட்டும் போர்த்தியிருக்கின்றன. சாதாரண பிஎச்சில் அந்தப் போர்வை மறை ஏற்றம் கொண்டது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு துணிக்கைகள் பிரிந்தே மிதக்கும். அமிலம் சேரச் சேர ஏற்றம் குறைந்து, 4க்கும் 5க்கும் இடையில் ஓர் இடத்தில் பூச்சியமாகிவிடும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்கின்றன. அவசரப்பட்டு அமிலத்தை ஒரேயடியாக அதிகமாக ஊற்றினால் என்ன ஆகும்? பூச்சியத்தைத் தாண்டி ஏற்றம் நேராக மாறிவிடும், மீண்டும் தள்ளல், பால் திரளாமல் திரவமாகவே நிற்கும். அமிலம் குறைந்தாலும் திரளாது, கூடினாலும் திரளாது. உறைதலை ஆராய ஓர் இரசாயனவியலாளர் தேவைப்பட்டது ஏன் என்று இப்போது விளங்கும்.

களுத்துறையை விட்டுப் போவதற்கு முன் கடற்கரைப் பக்கம் ஒரு பார்வை. கல்கிசையில் ரயில் ஏறித் தெற்கே போனால் வாதுவை, களுத்துறை, பாயாகலை வரை தென்னை மரங்களின் உச்சிகளை இணைத்துக் கயிறு கட்டியிருப்பதைக் காணலாம். கள் சீவுபவர்கள் மரத்துக்கு மரம் இறங்கி ஏறாமல் அந்தக் கயிற்றிலேயே நடந்து போவார்கள். பாளையிலிருந்து வடியும் நீர் ஏறத்தாழ நடுநிலையானது. அதில் கரைந்திருக்கும் இனிப்பில் பெரும்பங்கு சுக்குரோசு. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். இன்வேற்றேசு என்ற நொதியத்தால் அவை சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளந்து, அவற்றை மதுசாரமாக்கும். கூடவே இலக்றிக் அமிலப் பற்றீரியாக்களும் அசெற்றிக் அமிலப் பற்றீரியாக்களும் சேர்ந்துகொள்ள, பிஎச் 4 வரை இறங்கும். மதுவத்துக்கு இது இடைஞ்சலே அல்ல. அதன் இன்வேற்றேசு மிக நன்றாக வேலைசெய்வது 4.5ஐ ஒட்டியே. புளிக்கப் புளிக்க வேலை இன்னும் சுறுசுறுப்பாகும்.

யாழ்ப்பாணத்துப் பனை மரத்தில் இதே முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12ஐத் தாண்டும். வடியும் நீர் விழுந்த கணத்திலேயே காரமாகிவிடுவதால் மதுவமும் பற்றீரியாவும் வளராது, இன்வேற்றேசும் அசையாது. மறுநாள் காலையில் இறக்குவது கள் அல்ல, கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுக்குரோசு பிளவுபட்டுப் போயிருந்தால் பாகு ஒழுங்காகப் பளிங்காகாது, கட்டி இளகிக் கசியும். பனங்கட்டி கையில் ‘டக்’கென்று உடைகிறதா, பிசுபிசுக்கிறதா என்பதை மரத்தின் உச்சியில் பூசிய சுண்ணாம்பே தீர்மானித்துவிடுகிறது. தென்னிலங்கையில் கித்துள் பாணிக்காக நீர் இறக்குபவர்கள் சுண்ணாம்புக்குப் பதிலாக ‘ஹால்’ மரப்பட்டைத் துண்டுகளை முட்டிக்குள் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பட்டையிலுள்ள பொலிபீனோல்களைப் பேராதனை வேதியியலாளர்கள் 1980களில் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அது வேறு வழி. நுண்ணுயிர்களை நேரடியாக மடக்குவது. நமக்கு வேண்டியது சுண்ணாம்பு.

ஏனென்றால் அதே இன்வேற்றேசை வைத்து, அதே காரத் தந்திரத்தைப் பயன்படுத்தித்தான் நொதிய அறிவியலின் மிகப் பிரபலமான பரிசோதனை நடந்தது. உயர்தரம் தாண்டி உயிரிரசாயனம் படித்தவர்கள் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சமன்பாட்டின் வடிவத்தை முதலில் எழுதியவர் அவர்கள் அல்ல. பாரிஸில் இருந்த விக்டர் ஆன்ரி 1903இலேயே எழுதிவிட்டார். தாக்குபொருளும் நொதியமும் முதலில் ஒட்டிக்கொள்கின்றன, பிறகுதான் பிளவு நடக்கிறது என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. ஆனாலும் பெயர் போனது மற்ற இருவருக்கு. இது அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆன்ரியின் பரிசோதனையில் பிஎச் கட்டுப்படுத்தப்படவில்லை. அப்போது அந்த அளவுகோலே இல்லை என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதனால் அவருடைய எண்கள் நம்பத்தகாதவையாகிவிட்டன: வேகம் குறைந்தது சுக்குரோசு குறைந்ததாலா, அமிலத்தன்மை மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. லியோனோர் மைக்கேலிஸ் பெர்லினில் ஒரு வைத்தியசாலையின் சிறிய ஆய்வுகூடத்தில் வேலைபார்த்தவர். சோரன்சனின் கட்டுரையை நன்கு உள்வாங்கியவர். ஐதரசன் அயன் செறிவைப் பற்றி 1914இல் ஒரு புத்தகமே எழுதினார். கனடாவிலிருந்து கடல்கடந்து அவரிடம் வந்து சேர்ந்தவர் மருத்துவரான மோட் மென்டன். 1913இல் வெளிவந்த அவர்களது கட்டுரையில் இன்வேற்றேசும் சுக்குரோசும் அசெற்றேற்றுத் தாங்கற் கரைசலில், 25 பாகை செல்சியஸில் கலக்கப்பட்டன. பிஎச் தொடக்கம் முதல் முடிவு வரை அசையவில்லை.

அடுத்ததுதான் நம் முட்டிக் கதை. சுக்குரோசு பிளவுபடுவதை முனைவாக்கமானியால், ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து அளந்தார்கள். ஆனால் பிளந்து வெளிவந்த குளுக்கோசு உடனே தன் இறுதி வடிவத்துக்குப் போவதில்லை; மெல்ல மெல்ல மாறும்; அதுவரை அளவு பிழைக்கும். ஆன்ரி சறுக்கிய இன்னோர் இடம் இது. மைக்கேலிசும் மென்டனும் குறித்த நேரத்தில் கொஞ்சம் கலவையை எடுத்துச் சோடியம் காபனேற்றுக் கரைசலில் விட்டார்கள். காரம் பட்டதும் இன்வேற்றேசு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. குளுக்கோசின் வடிவ மாற்றமும் சட்டென்று நடந்து முடிந்தது. ஒரே கையால் இரண்டு வேலை. பிஎச்சைப் பிடித்து வைத்ததால் தாக்கத்தைச் சீராக ஓட்டினார்கள். பிஎச்சை உயர்த்தியதால் வேண்டிய நேரத்தில் நிறுத்தினார்கள். ஓட்டுவதும் நிறுத்துவதும் கைவசம் இருந்ததால்தான் அந்த எண்கள் நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன. பனை உச்சியில் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுபவர் நிறுத்தும் பாதியை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்.

தாங்கற் கரைசல் என்றேன். அது ஒரு மென்னமிலமும் அதன் துணை மூலமும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும் கலவை. ஐதரசன் அயன் கூடினால் ஒன்று பிடித்துக்கொள்ளும், குறைந்தால் மற்றது விட்டுக்கொடுக்கும். இதற்கு ஓர் எல்லை உண்டு: ஒவ்வொரு தாங்கற் கரைசலும் அதன் பிகேஏ பெறுமானத்துக்கு, அதாவது அமிலமும் மூலமும் சரிபாதியாக நிற்கும் பிஎச்சுக்கு, மேலும் கீழும் ஒரு பிஎச் அலகு வரைதான் உருப்படியாக வேலைசெய்யும். அசெற்றேற்றை வைத்துக்கொண்டு பிஎச் 8இல் பரிசோதனை செய்ய முயல்வது வீண். 1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் குட்டும் கூட்டாளிகளும் உயிரியலுக்கென்றே புதிய தாங்கிகளின் வரிசையொன்றை வெளியிட்டார்கள். ஹெப்பிஸ், மெஸ் என்று இன்று எந்த ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்தாலும் கண்ணில் படுபவை அவற்றில் சில. அதுவரை பலரும் பொசுபேற்றையே நம்பியிருந்தார்கள். ஆனால் பொசுபேற்றுக் கல்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். சில தாக்கங்களில் தானே புகுந்து குழப்பும். பிஎச்சைக் காப்பாற்றப் போட்டதே பரிசோதனையைக் கெடுக்கக்கூடாதல்லவா.

இனி நம் ஊர் வெக்கைக்கு வருவோம். மேலைநாட்டுச் செய்முறைப் புத்தகம் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதினால் 20 முதல் 25 பாகை வரை என்று அர்த்தம். கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் பிற்பகலில் 30, 31 பாகை இருக்கும். இதனால் என்ன? முதலாவது, நடுநிலை என்பதே நகர்ந்துவிடுகிறது. தூய நீரின் பிஎச் 25 பாகையில் 7.00, 30இல் 6.92, உடல் வெப்பநிலையான 37இல் 6.81. தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று பதற வேண்டாம், ஐதரசன் அயனும் ஐதரொட்சைல் அயனும் சமமாகவே கூடியிருக்கின்றன.

இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. மூலக்கூற்று உயிரியலில் மிக அதிகம் புழங்கும் தாங்கி ட்ரிஸ். மலிவானது, டீஎன்ஏ வேலைக்கு வசதியானது. ஆனால் வெப்பத்துக்கு மிகவும் மசியும்: ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அதன் பிஎச் ஏறத்தாழ 0.03 இறங்கும். பொசுபேற்று இதில் பத்தில் ஒரு பங்கு கூட அசையாது என்றே சொல்லலாம். பிற்பகல் 30 பாகையில் மேசையில் வைத்து பிஎச் 7.5க்குச் சரிசெய்த ட்ரிஸ் போத்தலைக் குளிரூட்டியில் 4 பாகைக்கு வைத்தால் அது 8.2ஐத் தாண்டிவிடும். ஐதரசன் அயன் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. போத்தலில் ஒட்டிய காகிதத்தில் மட்டும் 7.5 என்றே இருக்கும். பனிக்கட்டிமேல் வைத்துப் புரதம் பிரித்தெடுப்பவர் அந்தக் காகிதத்தை நம்பினால் வேறொரு பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார். தாங்கியை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த வெப்பநிலையிலேயே சரிசெய்ய வேண்டும். போத்தலில் பிஎச்சோடு வெப்பநிலையையும் எழுத வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் குளிரூட்டி எப்போது குளிர்ந்திருந்தது, எப்போது சூடேறியது என்று குறித்து வைக்காத ஆய்வுகூடத்தில் ட்ரிஸின் பிஎச் என்னவாக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

மானியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிஎச்மானியின் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ்தான் உணர்கிற உறுப்பு. அதன் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தி வைப்பது பரவலான பழக்கம். மின்வாய்க்கு அது கெடுதல். உள்ளிருக்கும் உப்பு மெல்ல வெளியே கசிந்துவிடும். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைப்பதே முறை. இன்னொன்று: திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீரை அளந்துவிட்டு, ‘7 வரவில்லை, மானி பழுது’ என்று முடிவுகட்டக்கூடாது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து அந்த நீர் 5.6 வரை இறங்குவது இயல்பு. மானி சரியா பிழையா என்று கேட்க வேண்டியது நியமத் தாங்கற் கரைசல்களிடம்.

காபனீரொட்சைட்டு வெளிக்கள வேலையிலும் இதே விளையாட்டைக் காட்டும். கல்கிசையிலிருந்து உள்ளே போனால் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம். 1990இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அப்படியொரு நீர்நிலையில் பட்டப்பகலில் பாசி ஒளித்தொகுப்பு நடத்தும்போது நீரிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். இரவில் எல்லா உயிரும் சுவாசிக்க, திரும்ப இறங்கும். காலையில் அள்ளிய நீரைப் போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து மாலையில் அளப்பவர் குளத்தை அளக்கவில்லை, போத்தலை அளக்கிறார். அதனால்தான் பிஎச்சை நீர்க்கரையிலேயே நின்று பார்க்கச் சொல்கிறார்கள்.

மீன் வளர்ப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்ட அமோனியம் அயன் அவ்வளவு தீங்கானதல்ல; பிடிக்காத வெறும் அமோனியா பூவினூடாக உள்ளே நுழைந்து மீனைக் கொல்லும். 25 பாகை நன்னீரில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்கு கூட வெறும் அமோனியாவாக இராது. பிஎச் 8இல் ஐந்து வீதத்துக்குச் சற்று மேல். பிஎச் 9இல் மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். மொத்த அமோனியா ஒரு துளியும் கூடாமலே நஞ்சு அறுபது மடங்கு கூடிவிட்டது. ‘இவ்வளவு அமோனியாவை மீன் தாங்கும்’ என்று பிஎச்சைக் குறிப்பிடாமல் எழுதும் ஆய்வறிக்கையை அலங்கார மீன் வளர்ப்பவர் எவரும் நம்பக்கூடாது.

கடைசியாகப் பள்ளிக்கூடத்துச் செய்முறை மேசை. அமிலேசின் தாக்கத்தில் பிஎச்சின் விளைவை அறிதல் என்பது நம் மாணவர்களுக்குப் பழகிய பரிசோதனை. வெவ்வேறு பிஎச் தாங்கற் கரைசல்கள், மாப்பொருட் கரைசல், நீர்த்த உமிழ்நீர், பீங்கான் தட்டின் குழிகளில் அயடீன் துளிகள். நீலம் வந்தால் மாப்பொருள் மிச்சம் இருக்கிறது. வராவிட்டால் அமிலேசு அதைத் தின்றுவிட்டது. ரியூசன் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வரைபு, 7க்குக் கிட்ட உச்சியும் இருபுறமும் சரிவும் கொண்டது.

இதைக் கவனமாகச் செய்யும் ஒரு பிள்ளைக்கு ஒரு வினோதம் காத்திருக்கிறது. பிஎச் 11 குழாயிலிருந்து எடுத்த துளியை அயடீனில் விட்டால் நீலம் வராது. அயடீனின் கபில நிறமும் மங்கிப்போகும். பாடப்புத்தகத்தின்படி பார்த்தால், கடுங்காரத்தில் அமிலேசு பிரமாதமாக வேலைசெய்திருக்கிறது! பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் தம் முடிவை அழித்துவிட்டு வரைபில் இருப்பதை எழுதிவிடுவார்கள்; புள்ளியும் கிடைக்கும். ஆனால் நடந்தது வேறு. கரைசல் காரமாக இருந்தால் அயடீன் தானே உருமாறி அயடைட்டும் அயடேற்றுமாகப் பிரிந்துவிடும். நீல நிறத்தைத் தர அயடீனே அங்கே இல்லை. கெட்டது நொதியம் மட்டுமல்ல, நாம் வைத்த சோதனையும்தான்.

ஐதரசன் பேரொட்சைட்டை வைத்து கற்றலேசுப் பரிசோதனை செய்பவருக்கும் இதே பொறி உண்டு. காரத்தில் அந்தப் பேரொட்சைட்டு நொதியம் இல்லாமலே வேகமாகப் பிரிந்து குமிழ் விடும். ஆகவே ஒவ்வொரு பிஎச்சுக்கும் இரண்டு குழாய் வைக்க வேண்டும், ஒன்றில் நொதியம், மற்றதில் கொதிக்க வைத்து ஆறிய நொதியம். கொதித்த உமிழ்நீர் இட்ட பிஎச் 11 குழாயிலும் நீலம் வரவில்லை என்று கண்டதும் அந்தப் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிடும். அதற்குமேல் சந்தேகம் இருந்தால், தட்டின் அதே குழியில் ஐதான அமிலம் ஓரிரு துளி விட்டுப் பார்க்கலாம். அயடைட்டும் அயடேற்றும் அமிலத்தில் சேர்ந்து மறுபடி அயடீனாகும். நீலமும் உடனே வரும், ஏனென்றால் அந்தக் குழாயில் மாப்பொருள் போட்டபடியே இருக்கிறது.